ஸ்லாட்டும் ஜம்பரும்: மதர்போர்டில் பாகம் பூட்டும் முறை மாறிய வரலாறு, 1975–2023

இன்று கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிறவர் எந்தப் பாகத்துக்கும் முகவரி எழுதிக் கொடுப்பதில்லை. ராமை அழுத்தி உட்கார வைக்கிறார், கிராஃபிக்ஸ் கார்டைச் செருகுகிறார், ஸ்விட்சைப் போடுகிறார். எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது, அதற்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும், எந்த வேகத்தில் அதனுடன் பேசலாம் என்பதையெல்லாம் போர்டே விசாரித்துத் தெரிந்துகொள்கிறது. 1992ல் இதே வேலையைச் செய்தவர், எந்தக் கார்டில் எந்த ஜம்பரை (இரண்டு பின்னை இணைக்கும் சிறு தொப்பி) எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். கணக்குப் பிசகினால் மௌஸ் உறையும், அல்லது பிரிண்டர் ஊமையாகும், சில நேரம் திரையே வராது.

இந்த மாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் இயல்பான முன்னேற்றம் என்று எழுதிவிட்டுப் போவதே வழக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை அப்படி நேராக ஓடவில்லை. கார்டுக்கு முகவரியைத் தானாகக் கொடுக்கும் வழி 1977லேயே கடையில் விற்ற கணினியில் இருந்தது. 1981ல் வந்த கணினி அதைக் கைவிட்டது. 1987ல் இன்னும் முழுமையான வடிவில் அது திரும்பி வந்தது. சந்தை அதைத் திருப்பி அனுப்பியது. 1990களின் நடுவில்தான் நிலைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, ஸ்லாட் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதோடு பின்னிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வருகிறது: தவறாகச் செருகினால் பழி யார் மேல் விழும்? பூட்டியவர் மேலா, கனெக்டரை வடிவமைத்தவர் மேலா? ஒவ்வொரு தலைமுறைக் கனெக்டரிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

மலிவாகக் கிடைத்த நூறு பின்

1975 ஜனவரி மாதப் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800தான் தொடக்கம். அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் என்ற சிறு நிறுவனம் அதைச் செய்தது. இன்றைய பொருளில் அதில் மதர்போர்டு இல்லை. இன்டெல் 8080 பிராசஸரே ஒரு கார்டில் இருந்தது. நினைவகம் இன்னொரு கார்டில். கார்டுகளை இணைத்த பலகையில் வெறும் கம்பித் தடங்களும் செருகுவாய்களும் மட்டுமே. அந்தச் செருகுவாய்க்கு ஏன் நூறு பின்? நூறு கம்பி தேவைப்பட்டதால் அல்ல. நூறு பின் கனெக்டர்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன, ராபர்ட்ஸ் வாங்கிப் போட்டார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். எந்தக் கம்பியில் என்ன சைகை என்ற வரிசையும் அவசரத்தில் அமைந்ததுதான்.

அந்த அவசர வரிசையைத்தான் மற்றவர்கள் பிரதி எடுத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த இம்சாய் 8080 அதே பின் அமைப்பைப் பயன்படுத்தியது. பிறகு பல நிறுவனங்கள் சேர்ந்துகொள்ள, எஸ்-100 என்ற பொதுப்பெயர் ஒட்டியது. 1983ல் ஐஇஇஇ அதை 696 என்ற எண்ணில் முறைப்படி தரப்படுத்தியபோது சந்தை வேறு பக்கம் போய்விட்டிருந்தது.

எஸ்-100ல் பூட்டுகிறவரின் பொறுப்பு எவ்வளவு என்பதைப் பவர் கம்பியில் பார்க்கலாம். பலகையில் ஓடியது சீராக்கப்படாத 8 வோல்ட். அதை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக இருந்தது. கிட்டாக வாங்கியவர் அந்த ரெகுலேட்டரையும் தானே சால்டர் செய்தார், முகவரியையும் தானே ஸ்விட்சிலோ கம்பியிலோ அமைத்தார். கணினியை வாங்குகிறவரும் செய்கிறவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. அதனால் பிழை யாருடையது என்று கேட்க அவசியமே எழவில்லை.

ஸ்லாட் எண்ணே முகவரி

1977ல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் II ஒரே பலகையில் பிராசஸர், நினைவகம், வீடியோ எல்லாவற்றையும் வைத்து, பின்புறம் எட்டு ஸ்லாட்டுகளையும் கொடுத்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் இரண்டே போதும் என்றார், வாஸ்னியாக் எட்டில் பிடிவாதமாக நின்றார் என்பது பலமுறை பதிவான செய்தி. எண்ணிக்கையைவிட முக்கியம் அந்த ஸ்லாட்டுகளின் தன்மை. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் நினைவக வரைபடத்தில் தனக்கென ஓர் இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. பதினாறு பைட் கட்டுப்பாட்டுக்கு. ஒன்று முதல் ஏழு வரையிலான ஸ்லாட்டுகளுக்குக் கார்டின் சொந்த நிரலை வைக்க 256 பைட். ஆறாவது ஸ்லாட்டில் டிஸ்க் கார்டைச் செருகினால் அதன் முகவரி ஆறாவது ஸ்லாட்டின் முகவரி. அதையே ஐந்தில் செருகினால் ஐந்தின் முகவரி. கார்டில் ஜம்பர் தேவையில்லை. இரண்டு கார்டுகள் ஒரே இடத்துக்குச் சண்டை போடவும் வழியில்லை.

எளிமையான யோசனை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து ஐபிஎம் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

1981 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த ஐபிஎம் பிசி, ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் ஒரு சிறு குழு ஓராண்டளவில் முடித்த வேலை. நேரம் குறைவு என்பதால் கடையில் கிடைத்த சில்லுகளை வைத்தே கட்டினார்கள். ஐந்து ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 62 தொடர்பு, 8 பிட் அகலம், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம். எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டைச் செருகினாலும் மின்னளவில் ஒன்றே. கேட்க வசதியாகத் தோன்றும். கோளாறே அங்கேதான். எந்த ஸ்லாட்டும் ஒன்றே என்றால், கார்டு எங்கே இருக்கிறது என்று போர்டுக்குத் தெரிய வழியில்லை. கார்டே தன் முகவரியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதை அமைப்பவர் பூட்டுகிறவர்.

மதர்போர்டிலும் இதே கதை. முதல் பிசியில் எட்டெட்டாக இரண்டு டிப் ஸ்விட்ச் தொகுதிகள். எத்தனை ஃப்ளாப்பி டிரைவ், எவ்வளவு நினைவகம், எந்த வகைத் திரை என்பதைப் பேனா முனையால் அந்தக் குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளித்தான் போர்டுக்குச் சொல்ல வேண்டும். நினைவகம் என்பதும் குச்சியாக வரவில்லை. ஒரு வரிசைக்கு ஒன்பது சில்லு, அதில் ஒன்பதாவது பிழை கண்டுபிடிக்க. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள அரைவட்ட வெட்டு ஒரே திசை பார்க்க, கால் மடங்காமல் சாக்கெட்டில் அழுத்த வேண்டும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில மாதங்களில் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பும். பழைய மெக்கானிக்குகள் கணினியைத் திறந்ததும் முதல் வேலையாகக் கட்டைவிரலால் ஒவ்வொரு சில்லையும் அழுத்திப் பார்த்தது இதற்காகத்தான். அதுவே பாதி ரிப்பேரை முடித்துவிடும்.

ஆனால் ஐபிஎம் இன்னொன்று செய்தது, அதுதான் வரலாற்றைத் திருப்பியது. பிசியின் தொழில்நுட்பக் கையேட்டில் முழு மின்சுற்றுப் படத்தையும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் நிரல் பட்டியலையும் அச்சிட்டு விற்றது. யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம், ராயல்டி இல்லை. 1982 நவம்பரில் காம்பேக் நிறுவனம் பயாஸைப் பிரதி எடுக்காமல் தானே எழுதி ஒத்திசைவான கணினியை அறிவித்தது. 1984ல் ஐபிஎம் ஏடி வந்தபோது பழைய 62 தொடர்புக்குப் பக்கத்தில் 36 தொடர்பு கொண்ட இன்னொரு துண்டு சேர்ந்து 16 பிட் ஆயிற்று. பழைய கார்டுகளும் அதே ஸ்லாட்டில் வேலை செய்தன. பின்னால் ஐசா என்று பெயர்பெற்ற இந்த ஸ்லாட்டின் வடிவமைப்பில் மார்க் டீன், டென்னிஸ் மோயலர் இருவரின் பங்கு பெரியது. தாராளமாகத் திறந்துவிட்டதால் பரவியது. பரவியதால் அதன் குறைகளும் பரவின.

ஐஆர்க்யூ கணக்கு

குறைகளில் தலையாயது இன்டரப்ட் கோரிக்கை, சுருக்கமாக ஐஆர்க்யூ. வேலை முடிந்தது, என்னைப் பார் என்று பிராசஸரை அழைக்க ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கம்பி வேண்டும். முதல் பிசியில் அப்படி எட்டே கம்பி. அதில் டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1 என்று போர்டே எடுத்துக்கொண்டது. ஏடியில் இன்டரப்டைக் கையாளும் 8259 சில்லு இன்னொன்றைச் சேர்த்தும் பயன்படக்கூடியவை பதினைந்துதான். ஐசாவில் இரண்டு கார்டுகள் ஒரு கம்பியைப் பகிர்ந்துகொள்வது நடைமுறையில் இயலாது.

அப்போது பூட்டியவர்களின் மனப்பாடம் இது: 3ம் 4ம் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃப்ளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு, 14 ஹார்ட் டிஸ்க்குக்கு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டின் ஆரம்ப வகைகள் இயல்பாக 7ல் உட்கார்ந்தன. பிரிண்டருக்கும் அதே 7. பிந்தைய வகைகளில் 5 என்று மாற்றினார்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்ற மூன்று எண்ணும் அந்தக் கால விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி ரோல் நம்பர்போல நாக்கில் இருந்தது. 1993ல் வந்த டூம் விளையாட்டுகூட ஆரம்ப அமைப்பில் இவற்றைக் கேட்டுத்தான் சத்தம் போட்டது.

மோடம் வந்ததும் நிலைமை மோசமானது. முதல் சீரியல் போர்ட்டும் மூன்றாவதும் ஒரே 4ஐப் பங்குபோட்டுக்கொண்டன. மௌஸ் முதலாவதில், மோடம் மூன்றாவதில் என்றால், மோடம் டயல் செய்யத் தொடங்கிய நொடியில் மௌஸ் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரே அப்போது நல்ல மெக்கானிக். அந்த அறிவு புத்தகத்தைவிட வேலைமேசையில்தான் அதிகம் கைமாறியது.

இந்த இடத்தில் ஒரு நுட்பமான விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ஃப்ளாப்பி கேபிளில், கடைசி கனெக்டருக்கு முன்னால், பத்தாவது முதல் பதினாறாவது வரையிலான ஏழு கம்பிகள் மட்டும் ஒரு முறுக்கு முறுக்கப்பட்டிருக்கும். பார்த்தால் தொழிற்சாலைப் பிழை போல் தெரியும். உண்மையில் ஐபிஎம்மின் திட்டமிட்ட தந்திரம் அது. எல்லா டிரைவ்களிலும் ஜம்பரை ஒரே இடத்தில் வைத்துவிடலாம். முறுக்குக்குப் பின்னால் செருகியது ஏ, முன்னால் செருகியது பி. யார் முதல், யார் இரண்டாவது என்பதைக் கேபிளே தீர்மானித்தது. பூட்டுகிறவரின் தலையிலிருந்த ஒரு முடிவைக் கம்பிக்கு மாற்றிய இந்த உத்தியை ஐபிஎம் ஸ்லாட்டுக்குச் செய்யவில்லை என்பதுதான் விசித்திரம். ஹார்ட் டிஸ்க்குக்கு வந்த ஐடிஇ கேபிளிலோ மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் பல ஆண்டுகள் நீடித்தது. இரண்டையும் மாஸ்டர் என்று வைத்துவிட்டு டிஸ்க் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

நல்ல தீர்வு, கெட்ட பேரம்

1987 ஏப்ரல் 2 அன்று ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையை அறிவித்தது. அதன் மேல்வகைகளில் மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் 16 பிட் அடையாள எண். கூடவரும் ஃப்ளாப்பியில் கார்டின் தேவைகளை விவரிக்கும் கோப்பு. கணினி இரண்டையும் ஒப்பிட்டு முகவரியையும் இன்டரப்டையும் ஒதுக்கும். ஜம்பர் ஒன்றுகூட இல்லை. இன்டரப்டைப் பகிரவும் வழி இருந்தது. அதே ஆண்டு வந்த மேக்கின்டாஷ் II கணினியின் நூபஸ் ஸ்லாட்டிலும், கமடோர் அமிகாவின் ஆட்டோகான்ஃபிக் முறையிலும் இதே நோக்கம் வேறு வழிகளில் நிறைவேறியிருந்தது. ஆக, 1987 முடிவதற்குள் பிரச்சினைக்குக் குறைந்தது நான்கு தீர்வுகள் சந்தையில் இருந்தன.

மைக்ரோ சேனலைத் தோற்கடித்தது அதன் தொழில்நுட்பம் அல்ல. பழைய கார்டு எதுவும் அதில் பொருந்தாது. புது ஸ்லாட்டை மற்றவர்கள் பயன்படுத்த ஐபிஎம் உரிமக் கட்டணம் கேட்டது. 1981ல் திறந்துவிட்ட கதவை 1987ல் சாத்தப் பார்த்தது என்றே போட்டியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1988 செப்டம்பரில் காம்பேக் தலைமையில் ஏஎஸ்டி, எப்சன், ஹெச்பி, என்இசி, ஒலிவெட்டி, டாண்டி, வைஸ், ஜெனித் ஆகிய ஒன்பது நிறுவனங்கள் ஈசா என்ற மாற்றை முன்வைத்தன. அந்த ஸ்லாட்டின் உள்ளமைப்பு ரசிக்கத்தக்கது: இரண்டு தளம் கொண்ட பள்ளம். பழைய ஐசா கார்டு மேல்தளத் தொடர்புகளோடு நின்றுவிடும். புதுக் கார்டின் அடிவிளிம்பில் வெட்டுகள் இருப்பதால் அது மட்டும் இன்னும் கீழே இறங்கிக் கீழ்த்தளத்தையும் தொடும். பழையவரை வெளியேற்றாமல் புதியவருக்கு இடம் கொடுத்தார்கள். ஆனாலும் விலை அதிகம். சர்வர்களைத் தாண்டி வீடுகளுக்கு அது வரவில்லை.

ஒன்பது பேர் சேர்ந்து ஐபிஎம்மைத் தடுத்தார்கள் என்று இதை ஜனநாயக வெற்றியாகக் கொண்டாடும் எழுத்துகள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உரிமத் தகராறில் இரு தரப்பும் நின்றதன் விலையை, இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஜம்பரோடு மல்லுக்கட்டிய சாதாரணப் பயனர்கள் கொடுத்தார்கள்.

கார்டிடம் கேட்பது எப்படி

முடிவு இன்டெல்லிடமிருந்து வந்தது. 1992ல் வெளியிட்ட பிசிஐ வரையறையைத் தனிச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஒரு கூட்டமைப்பிடம் கொடுத்தது. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு உச்சமாக 133 மெகாபைட். வேகம் பேசப்பட்ட அளவுக்கு, ஒவ்வொரு கார்டிலும் கட்டாயமாக்கப்பட்ட 256 பைட் அமைப்புப் பகுதி பேசப்படவில்லை. உண்மையான புரட்சி அதில்தான் நடந்தது.

கணினி விழித்ததும் பயாஸ் ஸ்லாட் ஸ்லாட்டாகப் போய் அந்தப் பகுதியின் முதல் சொல்லை வாசிக்கும். அங்கே தயாரிப்பாளர் எண் இருக்கும். இன்டெல்லின் எண் 8086 என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட குறும்பு. ஸ்லாட் காலியாக இருந்தால் எல்லாப் பிட்டும் 1 ஆன விடை வரும், அடுத்ததுக்குப் போகும். கார்டு இருந்தால் அடுத்த கேள்வி: உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இதைக் கேட்கும் முறை அழகானது. முகவரிப் பதிவேட்டின் எல்லாப் பிட்டிலும் பயாஸ் 1ஐ எழுதும், உடனே திரும்ப வாசிக்கும். எந்தப் பிட்டுகள் 1ஆக மாற மறுத்து 0ஆகவே நிற்கின்றனவோ அவற்றின் எண்ணிக்கையிலிருந்து கார்டுக்குத் தேவையான இடத்தின் அளவு தெரிந்துவிடும். பிறகு காலியான ஒரு முகவரியைத் தேர்ந்து அதே பதிவேட்டில் எழுதிவிடும். பேனா முனையால் டிப் ஸ்விட்ச் தள்ளியதும் ஜம்பர் தொப்பியைக் கழற்றி மாட்டியதும் இந்த நான்கு அடிகளுக்குள் அடங்கிப்போயின.

ஆனால் ஐசா கார்டுகள் லட்சக்கணக்கில் புழக்கத்தில் இருந்தன. அவற்றின் புது வகைகளுக்காக 1993ல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து பிளக் அண்ட் பிளே வரையறையைக் கொண்டுவந்தன. ஸ்லாட் எதுவென்று ஐசாவால் சொல்ல முடியாது என்பதுதானே மூலக்கோளாறு? அதைச் சுற்றிப் போனார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் 72 பிட் நீளமுள்ள வரிசை எண். கணினி கேட்டதும் எல்லாக் கார்டுகளும் தங்கள் எண்ணைப் பிட் பிட்டாகச் சொல்லத் தொடங்கும். ஒரு பிட் 1 என்றால் கார்டு குரல் கொடுக்கும். 0 என்றால் கவனிக்கும். கவனிக்கும்போது வேறு குரல் கேட்டால் அந்தக் கார்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சும். அதற்கு ஓர் எண் கொடுத்துவிட்டு மற்றவற்றோடு மறுபடி தொடங்கும். காகிதத்தில் கச்சிதம். 1995 ஆகஸ்ட் 24ல் விண்டோஸ் 95 இதை வீடுகளுக்குக் கொண்டுசென்றபோது பழைய ஜம்பர் கார்டும் புதுக் கார்டும் ஒரே பெட்டியில் கலந்திருந்தன. பழையது தன்னை அடையாளம் காட்டாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். செருகு, பிறகு சாமியைக் கும்பிடு என்ற கேலி உலகம் முழுக்க அப்போது பிறந்தது. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் வெளியிட்ட பிசி 2001 வழிகாட்டி ஐசா ஸ்லாட்டையே நீக்கச் சொன்னபோதுதான் அந்தக் கலப்புக் காலம் முடிந்தது.

பிசிஐக்குப் பின் வந்த ஏஜிபியை விரைவாகக் கடந்துவிடலாம். 1997 முதல் சில ஆண்டுகள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் பயன்பட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் முக்கியமானது. அகலமான பொதுப்பாதைக்குப் பதில் இரு முனைகளுக்கிடையே தனித்தனி ஒற்றைத் தடங்கள். முதல் தலைமுறையில் தடம் ஒன்றுக்கு ஒரு திசையில் விநாடிக்கு 250 மெகாபைட். ஒரு தடக் கார்டைப் பதினாறு தட ஸ்லாட்டில் செருகினாலும் வேலை செய்யும். எத்தனை தடம் என்பதைக் கார்டும் போர்டும் தாங்களே பேசி முடிவுசெய்துகொள்ளும். இன்றைய எம்.2 எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை இதே தடங்களில்தான் ஓடுகின்றன.

வடிவமே காவல்

முகவரிப் பிரச்சினை நிரலால் தீர்ந்தது. தவறான முனையைத் தவறான இடத்தில் செருகும் பிரச்சினையை நிரலால் தீர்க்க முடியாது. பிளாஸ்டிக்கால்தான் தீர்க்க முடியும்.

ஏடி காலத்து மதர்போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து ஆறு ஆறு கம்பியாக இரண்டு கனெக்டர்கள் வரும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இடம் மாற்றிச் செருகவும் முடியும். செருகினால் போர்டு போய்விடும். கறுப்பும் கறுப்பும் நடுவில் சேர வேண்டும் என்ற ஒரே விதியை நம்பி உலகம் முழுக்கப் பல கோடிக் கணினிகள் பூட்டப்பட்டன. அதைவிட ஆபத்து முன்பக்க ஸ்விட்ச்: வீட்டு மின்சாரமே, நம் ஊரில் 230 வோல்ட், நான்கு கம்பிகளில் கேபினெட்டின் முன்பக்கம் வரை நேராக வந்து போனது. கம்பியை மாற்றிப் போட்டால் ஃபியூஸ் போகும். கை பட்டால் அதைவிட மோசம்.

1995ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இரண்டையும் ஒருசேர முடித்தது. இருபது பின் கொண்ட ஒரே கனெக்டர். சில துளைகள் சதுரம், சில மூலை மழுங்கியவை. திருப்பிப் போட வழியில்லை. பின்னாளில் அது இருபத்துநாலு பின் ஆனது. முன்பக்க ஸ்விட்ச் இனி மின்சாரத்தைத் தொடாது. போர்டுக்கு ஒரு சைகை மட்டும் தரும். போர்டு பச்சைக் கம்பியைத் தரையோடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் முழுதாக விழிக்கும். சந்தேகப்பட்ட எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க மெக்கானிக்குகள் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது இந்த மாற்றத்தின் விளைவுதான்.

ஏடிஎக்ஸ் இன்னொன்றையும் சாத்தியமாக்கியது. போர்டின் திருகுத்துளை, பின்பக்க போர்ட்டுகளின் இடம், எஸ்எம்பிஎஸ் அளவு எல்லாம் ஒரே தரத்தில் இருந்ததால் எந்த நிறுவனத்தின் போர்டும் எந்தக் கேபினெட்டிலும் உட்காரும். சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு ஆகிய இடங்களில் அசெம்பிள்டு கணினி வியாபாரம் செழித்தது இந்தத் தரங்களின் மேல்தான். தைவானிலிருந்து வந்த போர்டையும் வேறெங்கிருந்தோ வந்த கேபினெட்டையும் ஒரு திருப்புளியால் சேர்த்துவிட முடிந்ததால்தான் கம்பெனிக் கணினிக்குக் குறைந்த விலையில் அவர்களால் கொடுக்க முடிந்தது.

ராமில் வெட்டு நகர்ந்த கதையும் இதே வகை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 தொடர்புதான். ஆனால் அடிவிளிம்பின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் இறங்காது. 486 காலத்தில் 30 பின் ராமை நான்கு நான்காகவும், பென்டியம் காலத்தில் 72 பின் ராமை இரண்டிரண்டாகவும் போட வேண்டும் என்ற விதியையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 168 பின் டிம் ராம் வந்தபின் ஒற்றையாகவும் போடலாம்.

பிராசஸர் சாக்கெட்டில்தான் பழி வெளிப்படையாகக் கைமாறியது. பழைய சாக்கெட்டுகளில் பிராசஸரை விரல் வலிக்க அழுத்த வேண்டும். நெம்புகோல் வைத்த சாக்கெட் வந்ததும் அழுத்தமே தேவையில்லாமல் போனது. அப்போதும் பின்கள் பிராசஸரின் வயிற்றில்தான் இருந்தன. 2004ல் இன்டெல் 775 தொடர்புகள் கொண்ட எல்ஜிஏ சாக்கெட்டில் அவற்றைப் போர்டுக்கு மாற்றியது. ஏஎம்டி சாதாரண மேசைக் கணினிகளில் 2022ன் ஏஎம்5 வரை காத்திருந்தது. பின் வளைந்தால் இனி நஷ்டம் பிராசஸருக்கு அல்ல, போர்டுக்கு. அதனால்தான் பல போர்டு நிறுவனங்கள் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி இல்லாமல் வாரண்டிக்கு எடுத்துக்கொள்வதில்லை. போர்டு வாங்குகிறவர் அந்த மூடியைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள் வைத்திருப்பது நல்லது.

பெட்டியைத் திறக்காமலே

பெட்டிக்கு வெளியே இணைக்கும் சாதனங்களுக்கு இதே தர்க்கம் யூஎஸ்பியாக வந்தது. காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்களின் கூட்டில் 1996 ஜனவரியில் முதல் பதிப்பு. இன்டெல்லில் அந்தப் பணியில் முன்னின்ற அஜய் பட் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

யூஎஸ்பி செருகியின் வாயை உற்றுப் பார்த்தால் நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் நடுவிலுள்ள இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கும். ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவிலுள்ளவை தரவுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், தரவு பிறகு. உருவும்போது தரவு முதலில் பிரியும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம் என்ற துணிச்சல் இந்தச் சிறு ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறது. அடுத்து, சாதனம் ஒரு தரவுக் கம்பியை 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் வழியே மேலே இழுக்கும். எந்தக் கம்பி இழுபடுகிறது என்பதிலிருந்தே வந்திருப்பது கீபோர்டு போன்ற மெதுவான சாதனமா, வேகமானதா என்று கணினி அறியும்.

அறிமுகம் சுமுகமாக இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் மேடையில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 கணினியில் ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது திரை நீலமாகி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய போர்ட்டுகளை நீக்கி யூஎஸ்பியை மட்டும் வைத்ததும் சாதனத் தயாரிப்பாளர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனது. எப்படிச் செருகினாலும் முதல் முறை தலைகீழாகவே வரும் என்ற உலகப் புகாருக்கு அஜய் பட் பின்னாளில் விளக்கம் சொன்னார்: இருபுறமும் பொருந்தச் செய்தால் கம்பியும் செலவும் கூடும், அன்று மலிவே பரவலுக்கு வழி. 2014ல் இருபத்துநாலு பின்னோடு யூஎஸ்பி-சி வந்தபோதுதான் அந்தச் செலவை ஏற்கச் சந்தை தயாரானது.

மிஞ்சியவை

இவ்வளவுக்குப் பிறகும் மதர்போர்டின் கீழ்மூலையில் ஒன்பது பின் கொண்ட ஒரு பகுதி அப்படியே நிற்கிறது. பவர் ஸ்விட்ச், ரீசெட், ஹார்ட் டிஸ்க் விளக்கு, பவர் விளக்கு. இரண்டிரண்டு பின்னாகத் தனித்தனிக் குட்டிச் செருகிகள். ஸ்விட்சை எப்படியும் போடலாம், விளக்கை மாற்றிப் போட்டால் எரியாது. பெரும்பாலான போர்டுகள் ஒரே வரிசையைப் பின்பற்றினாலும் பல கேபினெட் நிறுவனங்கள் இன்னும் ஒரே துண்டாகச் சேர்த்துத் தருவதில்லை. டார்ச்சும் கையேடும் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய கடைசி இடம் இது. ஐபிஎம்மோ இன்டெல்லோ இங்கே சண்டை போடவில்லை. சண்டை போடும் அளவுக்கு இதில் காசு இல்லை.

காசு இருந்த இடத்தில் பழைய கேள்வி 2022ல் மறுபடி வந்தது. 600 வாட் வரை கொடுக்கும் பதினாறு பின் பவர் கனெக்டரோடு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் அந்தக் கனெக்டர் உருகியது. உலக அளவில் சுமார் ஐம்பது சம்பவங்கள் தங்களுக்குத் தெரியவந்ததாக அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் சொன்னது. கனெக்டரை முழுதாக உள்ளே செருகாதது பொதுவான காரணம் என்றும் சொன்னது. அதாவது, பயனரின் கை. திருப்பிப் போட முடியாத வடிவம் அந்தக் கனெக்டருக்கும் இருந்தது. ஆனால் பாதி செருகியிருப்பதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு போதவில்லை. நிறுவனத்தின் அந்த விளக்கத்தை ஏற்பது கடினம். பாதி செருகியபோதும் முழு மின்சாரத்தைக் கேட்கவும் கொடுக்கவும் அனுமதிக்கும் கனெக்டர் வடிவமைப்பின் குறையே தவிர, செருகியவரின் குறை அல்ல. தரத்தை நடத்தும் கூட்டமைப்பும் மறுவருடமே நடைமுறையில் அதை ஒப்புக்கொண்டது. 2023ல் வந்த திருத்திய 12வி-2x6 கனெக்டரில் மின்சாரம் பாயும் பின்களை நீட்டி, செருகியிருக்கிறதா என்று உணரும் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாக உள்ளே போகாவிட்டால் உணரும் பின் தொடாது, கார்டு அதிக மின்சாரத்தை இழுக்காது.